இறகில்லாமல் போன துரை

போன கிழமை என் மகள் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வாத்தியக் குழுவின் இறகு வைத்த தொப்பிகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினாள். மே மாத ஊர்வலத்துக்கு முன் பெற்றோர் கூலியில்லாமல் செய்துகொடுக்கிற வேலை. நோர்வேயில் டுக்நாட் என்பார்கள். ஒஸ்லோவில் எங்கள் பகுதியான ஹொல்ம்லியாவில் அதற்குத் தப்பினவர் இல்லை. பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் அடித்தது.

"அம்மா, இறகிலை கை வைக்காதேங்கோ, முறிஞ்சிடும்."

"போடி, கவர்னர்ரை தொப்பியையே துடைச்ச கை இது."

புளுகுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நீங்களும் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் மன்னாரில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமைத்தேன். இளவயதில் எங்கள் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு, சின்ன உத்தியோகத்தராக வந்தவர். மனைவி அங்கேயே காய்ச்சலில் போய்விட, மாதா கோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்தார். பிறகு ஆப்பிரிக்காவில் படிப்படியாக ஏறி, கடைசியில் எங்கோ ஒரு தீவுக்குக் கவர்னர். பென்சன் எடுத்ததும் இங்கிலாந்துக்குப் போகாமல் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே வந்து குடியிருந்தார். தமிழ் கதைப்பார், என்னைவிடத் திருத்தமாக. என் குழம்பைக் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு "உறைப்பில்லை" என்பார். வாசலில் ஒரு பெருக்க மரம், யானை படுத்த மாதிரி அடி. ஆப்பிரிக்காவிலும் உண்டாம்.

"இவர் அங்கையும் எனக்குக் கீழை வேலை செய்தவர், பிள்ளை" என்று மரத்தைத் தட்டுவார்.

நாடு எங்கள் கைக்கு வந்து வருசக்கணக்கு. துரை இனி அனுமதி கேட்டுத்தான் தங்கலாம். இந்த முறை கிடைக்காது, கப்பலேற்றிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் கதை. கச்சேரியில் விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று பார்க்கிறேன், வெள்ளை உடுப்பும் அன்னத்து இறகு வைத்த தொப்பியுமாக வாசலில் நிற்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"கேக்கப் போறவருக்கு என்னத்துக்கு இறகு? கழட்டித் தாங்கோ துரை."

"இதில்லாட்டி நான் ஆரெண்டு அவங்களுக்குத் தெரியாதே, பிள்ளை."

"தெரிஞ்சால்தான் கப்பல்."

கழற்றித் தந்தார். ஒரு கவர்னருக்கே கட்டளை போட்டவள் என்ற தலைக்கனம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

பின்னேரம் திரும்பி வந்து, என்றுமில்லாதபடி குசினிப் படியில் குந்தினார். ஒரு வருசம் கிடைத்திருந்தது. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

"என்னை வாங்கிலை இருத்தினவங்கள். நான் வேலை செய்த காலத்திலை கேக்க வாற சனத்துக்கு அங்கை வாங்கு இல்லை."

"தெரியும் துரை. என்ரை அப்பப்பா நிண்டவர்."

அவர் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அந்த வருசம் முடியுமுன் செத்துப்போனார். மனைவிக்குப் பக்கத்தில் மண் போட்டோம். பிறகு ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

எத்தனையோ வருசம் கழித்து, சண்டைக்குத் தப்பி ஒஸ்லோவுக்கு வந்து, நானும் அனுமதி கேட்கப் போனேன். "வடிவாய்ப் பட்டுச்சேலை உடுங்கோ" என்றாள் மகள். எனக்கு அந்த இறகு நினைவு வந்தது. நூல்சேலையோடு போய்க் குளிரில் விறைத்தேன். மெத்தை போட்ட கதிரைகள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் கூப்பிடும்வரை நான் அதில் இருக்கவில்லை, நின்றேன்.

மன்னாரில் துரையின் பங்களா இப்போது இல்லை. தொப்பி இல்லை. கல்லறைச் சிலுவைகளும் சண்டையோடு போய்விட்டனவாம். மரம் மட்டும் நிற்கிறது என்கிறார்கள். அதன் கீழே, ஒருவரிடமும் அனுமதி கேளாமல் நான் குந்தியிருந்த காலந்தான் இல்லை.