சுமையாவின் வலது கை

சந்தேகம் வந்ததும் சுமையாவின் வலது கை மவுசை விட்டு எழுந்துவிடும். தோசைக்கல்லில் தெரியாமல் பட்டுவிட்டதுபோல ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். பிறகு மெல்லக் கீழிறங்கி, தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். அவள் தன் கையின்மேலேயே உட்கார்ந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான்கு விடைகளில் இரண்டு தப்பு என்று நன்றாகத் தெரியும். மீதி இரண்டில் எது சரி என்பதும் முக்கால்வாசி தெரியும். தெரியாத அந்தக் கால்வாசிக்காகக் கை வெளியே வராது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மோனோரெயில் பாதையைப் பார்த்த பழைய அடுக்குமாடி வீடு அது. கூடத்து ஜன்னலோரம் அவளுடைய மேசை. இந்தியாவில் எம்.டெக். சேர விரும்பும் பட்டதாரிகள் எழுதும் கேட் நுழைவுத் தேர்வுக்கு, கணினி அறிவியல் பாடத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள். சொந்த ஊர் மேலப்பாளையம். பி.இ. முடித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, சாதிக்கைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தவள். அவனுக்கு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அவளுக்கு, கணவனோடு வந்தவள் என்கிற விசா. அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. முதல் வருடம் ஊர் சுற்றிப் பார்த்தாள். இரண்டாம் வருடம் அலமாரிகளை மாற்றி மாற்றி அடுக்கினாள். மூன்றாம் வருடம் உம்மாவுக்கு போன் போட்டு, பரணில் கிடக்கும் காலேஜ் புத்தகங்களை யார் கையிலாவது கொடுத்தனுப்பச் சொன்னாள்.

புத்தகங்கள் வந்து சேர்ந்ததிலிருந்து வீட்டின் நடைமுறையே வேறாகிவிட்டது. ஒரு மோனோரெயில் கடகடத்துப் போய் அடுத்தது வருவதற்குள் ஒரு கேள்வியை முடித்துவிட வேண்டும் என்பது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். ரயில் தாமதமானால் அவளுக்குக் குஷி. தேர்வுக் கூடத்துக்குள் சொந்தக் கால்குலேட்டரைக் கொண்டுபோகக் கூடாது. திரையில் வரும் கால்குலேட்டரைத்தான் மவுசால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பயன்படுத்த வேண்டும். கை பழகட்டும் என்று வீட்டுக் கணக்கையெல்லாம் அதிலேயே போடுகிறாள். ஆறு பேருக்கென்று குறிப்பில் சொன்ன பிரியாணி அளவை இரண்டு பேருக்குக் குறைப்பதற்காக, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடிவந்து, மவுசைப் பிடித்து எண்களைத் தட்டி, விடையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடுவாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே அவளுடைய போன் கிடக்கும்.

அந்த மவுஸ் பழையது. அழுத்தினால் சுவர்ப்பல்லி கத்துவதுபோலச் சத்தம் வரும். புதிது வாங்கித் தருகிறேன் என்று சாதிக் ஆரம்பத்தில் சொன்னான், இப்போது சொல்வதில்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் எப்படி எழுதுகிறாள் என்று அவனால் கேட்க முடிகிறது. டிக், டிக் என்று வந்துகொண்டிருந்தால் சரி. சத்தம் நின்று ஒரு ரயிலும் போய்விட்டால், “கை எங்கெ இருக்கு?” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பான். அவள் கையை வெளியே எடுப்பாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தத் தேர்வில் விடை தப்பானால் சும்மா விடமாட்டார்கள். ஒரு மதிப்பெண் கேள்வியில் சறுக்கினால், வாங்கி வைத்ததிலிருந்து ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். போன வருடம் திருச்சிக்குப் பறந்துபோய் எழுதியபோது, ஒன்றையும் பறிகொடுக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்துவிட்டாள். சந்தேகமானதையெல்லாம் வெறுமையாக விட்டாள். சரியான விடைகள் வெளியானபோது பார்த்தால், விட்டவற்றில் பாதிக்கு மேல் அவள் மனசுக்குள் நினைத்ததே சரி. அவற்றை அழுத்தியிருந்தால் சென்னையிலேயே இடம் கிடைத்திருக்கும். அன்று முழுக்க அவள் அந்த விடைகளையே திரும்பத் திரும்ப ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதிக் கடையில் பொட்டலம் கட்டி, தாப்பாவ் வாங்கிவந்த ரொட்டி சானாய் காய்ந்து விறைத்துப்போனது.

இது தேர்வோடு நிற்கிற குணமா என்றால் இல்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், மீனா கோழியா நண்டா என்று பரிமாறுபவர் கேட்டால், இவள் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். சுமையா ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவருவாள். திரைச்சீலைக்கு நிறம் கேட்டால் “பார்க்கலாம்.” ஈப்போவுக்குப் போவோமா என்றால் “பார்க்கலாம்.” பெண் பார்த்துவிட்டுப் போன சாதிக்குக்கும் அவள் மூன்று மாதம் பதில் சொல்லவில்லையாம். விருந்தாளி யார் வந்தாலும் அவன் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பான். கடைசியில் சரி என்று சொன்னது அவள்தான், அவள் வாப்பா அல்ல என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

எதிர்வீட்டு சந்திரகலாவுக்கு இந்தப் “பார்க்கலாம்” கொஞ்சமும் ஆகாது. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள், பல் ஆஸ்பத்திரி ஒன்றின் முகப்பில் உட்கார்ந்து, பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களை உள்ளே தள்ளிவிடுவது அவள் உத்தியோகம். ஒருநாள் அவள் வீட்டு மேசையில் சுமையா பிஸ்கட்டை வைத்துக் கணக்கை விளக்கினாள். இரண்டு விடையைக் கழித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அழுத்தினால்கூட, ஆறு கேள்வியில் மூன்று சரியாகும், மூன்று தப்பாகும். மூன்று பிஸ்கட் வரும், ஒன்று போகும், கையில் இரண்டு நிற்கும். வெறுமையாக விட்டால் ஒன்றுமே இல்லை. போகிற ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றபடி சந்திரகலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கணக்கு ஒனக்கு நல்லா தெரியுது லா. ஒன் கைக்குத்தான் தெரியல.”

மறுநாளிலிருந்து பயிற்சி ஆரம்பமானது. லிஃப்ட் கதவு மூடியதும் சந்திரகலா ஒரு கேள்வி போடுவாள், கீழ்த்தளம் வருவதற்குள் விடை வந்தாக வேண்டும். தேயா காப்பியா. நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்கு முட்டையா கோழியா. இந்தச் சேலை எனக்கு நன்றாக இருக்கிறதா இல்லையா. சுமையாவுக்கு உட்கார நாற்காலி இல்லாததால் கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொள்வாள். “கைய வெளிய எடு, அப்பறம் பேசு” என்பாள் சந்திரகலா. ஆரம்பத்தில் லிஃப்ட்தான் ஜெயித்தது. போகப்போக சுமையா பாதி வழியிலேயே சொல்லத் தொடங்கினாள். சேலை நன்றாக இல்லை என்று அவள் பட்டென்று சொன்ன அன்று சந்திரகலாவின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் திரும்பிப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அடுப்படிக்குக் கேட்கும் டிக் டிக் சத்தமும் கூடியது. மாதிரித் தேர்வுகளில் தப்புகள் முன்னைவிட அதிகம், மதிப்பெண்ணும் அதிகம். தப்பாகப் போனதைப் பார்த்து “போனா போவுது” என்று அவள் சொன்னதை சாதிக் காதால் கேட்டான். கேட்டு, கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

அவனிடமும் ஒரு கேள்வி இருந்தது. இடம் கிடைத்தால் அவள் போய்விடுவாளா? படிப்பு சென்னையில், அவன் வேலை இங்கே, இரண்டு வருடம். அவன் சம்பாத்தியத்தில்தான் ஊரில் இரண்டு வீடு ஓடுகிறது, விட்டுவிட்டுக் கூடப் போக முடியாது. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து இதை வேடிக்கைபோலவே கேட்டுவந்தான். நான் ரசம் வைக்கப் பழகணுமா என்பான். அவள் எழுந்துபோய்த் துணி மடிப்பாள். போன வருடம் அத்தனை கேள்விகளை அவள் விட்டுவிட்டு வந்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணமோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம். அவளுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. தோற்றுவிட்டால் யாரையும் விட்டுப் போக வேண்டியதில்லை. இரண்டு பேரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை.

தைப்பூசக் கூட்டம் பத்துமலையிலிருந்து வடிந்து, தெருக்கள் பழையபடி ஆன வாரம். மறுநாள் காலை திருச்சிக்கு விமானம். மாலைத் தொழுகை முடித்து அவள் கடைசி மாதிரித் தேர்வை எழுதிக்கொண்டிருந்தாள். வாசல்வரை வந்த சந்திரகலா, படிக்கிறவளைக் கலைக்க வேண்டாம் என்று, மாவில் தோய்த்துப் பொரித்த பிசாங் வாழைப்பழத்தை சாதிக்கின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் தட்டை மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான். இந்தத் தடவை ரசத்தைப் பற்றிப் பேசவில்லை.

“சுமி, சீட்டு கெடச்சா போயிருவியா?”

மவுஸ் சத்தம் நின்றது. கை எழுந்து ஒரு கணம் நின்று, வழக்கமான இடத்துக்கு இறங்கியது. அவள் கையின்மேல் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் கடகடத்துப் போயிற்று.

“எதச் சொன்னாலும் சரிதான். இதுக்கு நெகட்டிவ் மார்க் கெடையாது” என்றான் அவன்.

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். போகிறேன் என்றால் இந்தக் கூடத்தில் அவன் தனியாக உட்கார்ந்திருப்பான், ஊரிலிருந்து அவன் உம்மா போனில் அழுவார், சென்னையில் ஒரு விடுதி அறையில் இவள் அடுப்படியிலிருந்து வரும் இந்தக் குரல் இல்லாமல் கணக்குப் போடுவாள். போகமாட்டேன் என்றால் பறிபோவது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். அவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும், அதனால்தான் இந்த ஒரு கேள்வி இத்தனை நாள் வெறுமையாகக் கிடந்தது.

அடுத்த ரயிலின் சத்தம் தூரத்தில் எழுந்தது. சுமையா தொடைக்கடியிலிருந்து கையை உருவி எடுத்தாள். விரல்களில் நாற்காலிப் பின்னலின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. மவுசைத் தாண்டி அதை நீட்டி, அவன் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் விரித்து வைத்தாள்.

“போவேன், மச்சான்” என்றாள்.

ரயில் வந்து, ஜன்னலை அதிரவைத்துவிட்டுப் போயிற்று. அவள் கையை எடுக்கவில்லை.