ஒரு பிடித் தேயிலைக்கு ஒரு மகஜர்

‘பயணி தன் வீட்டு உபயோகத்துக்குக் கையில் கொண்டுவரும் தேயிலைக்குத் தடை இல்லை.’ பழைய எல்லைச் சுங்கச்சாவடியின், அதாவது சவுக்கையின் விதி அது. நேற்றுக் கடைக்காரர் தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, வாசனைக்கு முன்னால் இந்த வாக்கியம்தான் என் மூக்கில் ஏறியது. வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக ஆயுளைக் கழித்தவனுக்கு வேறென்ன ஏறும்?

முப்பதுகளில் மலிவான தேயிலை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், பணகுடிச் சந்தையில் கிடைத்தது. கணவாயில் திருவிதாங்கூர் சவுக்கை. லைசென்ஸ் இல்லாதவர் விற்பனைக்குத் தேயிலை கொண்டுவரக் கூடாது என்று திடீரென்று தடை வந்தது. லைசென்ஸ்காரர்கள் விலையை இரட்டிப்பாக்கினார்கள்.

கணவாய்க்கு இப்பால், எங்கள் மயிலாடியில் ஞானமுத்து அண்ணாச்சி சாயாக்கடை வைத்திருந்தார். எட்டுக் காசுக்கு ஒரு கிளாஸ். கல் கொத்துகிறவரோ, வயலில் நிற்கிறவரோ, யார் வந்தாலும் ஒரே பெஞ்சு, ஒரே கிளாஸ். முக்குக் கடையில் பாதிப் பேருக்கு முற்றத்தில் நின்றுதான் குடி, அதுவும் சிரட்டையில். அண்ணாச்சி விலையை ஏற்றினால் கடை மூடிப்போகும். அந்தப் பாதிப் பேர் மறுபடி முக்குக் கடையில் சிரட்டை ஏந்த வேண்டியதுதான்.

தடையை நீக்கச் சொல்லிச் சர்க்காருக்கு நான் மனு எழுத உட்கார்ந்தேன். அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா சிரித்தாள்.

“எழுது மக்கா. நீ எழுதி முடிக்கதுக்குள்ள நாங்க சந்தைக்குப் போயிட்டு வந்திருவோம்.”

எங்கள் சபைப் பெண்களுக்குக் கைப்பிடி அரிசிப் பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைச் சபைக்கென்று தனியே எடுத்துவைப்பார்கள். அக்கா அதைத் தேயிலைக்கு மாற்றினாள். சந்தைக்குப் போகும் ஒவ்வொருத்தியும் முந்தானையில் ஒரு பிடி முடிந்துவர வேண்டும். வீட்டில் கால் வைத்தபின் அது கடைக்குப் போகும். வீட்டுக்கு வந்த தேயிலையை யாருக்கும் இனாமாகக் கொடுக்கக் கூடாது என்று விதியில் இல்லை. தேடிப் பார்த்தவன் நான்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். சவுக்கைப் பாராக்காரர் மறித்தார்.

“எல்லாவளுக்கும் ஒரே நாளில சாயா குடிக்கத் தோணிச்சாக்கும்?”

“தாகத்துக்குச் சர்க்காரில நாள் குறிச்சிருக்கா ஏமானே?” என்றாள் அக்கா.

“அவுருடி முடிச்சை!”

அங்கேதான் என் படிப்புக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது. பறிமுதல் செய்தால் ஆளுக்கொரு மகஜர் பத்திரம் எழுத வேண்டும், அதில் எடை, இரண்டு சாட்சி கையெழுத்து. மரியாதையாக எடுத்துச் சொன்னேன். பாராக்காரர் முதல் பிடியைத் தராசில் போட்டார். மூட்டை நிறுக்கிற தராசு, முள் அசையவில்லை.

“எடை என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன்.

பின்னால் வண்டிகள் நின்றன. வண்டிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

“போங்க, எல்லாவளும் போய்த் தொலைங்க!”

போனோம். அடுத்த சந்தைக்கும் போனோம். அண்ணாச்சி கடையில் கடைசிவரை எட்டுக் காசுதான்.

இன்று சவுக்கை இல்லை, திருவிதாங்கூர் நாணயமான சக்கரமும் காசும் இல்லை, முக்குக் கடைச் சிரட்டையும் ஒழிந்தது. ஒழிந்தவற்றில் எதற்கும் நான் அழவில்லை. வீட்டு உபயோகத்துக்குத் தடை இல்லை என்று என் மனுவுக்குப் பதிலும் வந்தது. நான் அனுப்பியது தை மாதம். தடையையே சர்க்கார் எடுத்துவிட்ட பிறகு, மறுவருஷம் அது வந்து சேர்ந்தது, ஆவணி முதல் தேதி, திருவிதாங்கூர்ப் புதுவருஷப் பிறப்பன்று.