நல்லம்மாள் பிடித்த கை

1984ஆம் ஆண்டு. புந்தோங் என்ற ஊரில் ஒரு பலகை வீட்டில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டே வாழ்ந்தார்கள். ஒருத்தி வீரம்மா, முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவள். மற்றவள் அவளுடைய இறந்துபோன கணவன் ஐயாவுவின் அக்காள் நல்லம்மாள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். "என் தம்பிய முழுங்குனவ" என்று வீரம்மாவை அவள் ஏசாத நாளில்லை.

வீரம்மாவின் மார்பில் புற்றுநோய். நான்கு சிவப்பு மருந்து ஊசிகள் கட்டியைக் கரைத்தன. கூடவே இதயத்தையும் தடுமாற வைத்தன. பாவி நெஞ்சு தாளம் தப்பி அடித்தது! டாக்டர் ஸ்கந்தராஜா சிவப்பு ஊசியை நிறுத்திவிட்டு, துடிப்பைச் சீராக்கச் சின்ன வெள்ளை மாத்திரைகள் கொடுத்தார்.

"காலையில ஒரு நிமிஷம் முழுக்க நாடியை எண்ண வேணும். அறுபதுக்குக் கீழ எண்டால் மாத்திரை குடுக்கக் கூடாது. துடிப்பு ஒழுங்கானால்தான் வேற ஊசி தொடங்கலாம். வீட்டில எண்ணத் தெரிஞ்ச ஆள் இருக்கோ?"

ஒருத்திதான் இருந்தாள். என்ன கொடுமை!

தினமும் காலையில் நல்லம்மாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி, செத்த எலியைத் தொடுவதுபோல அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆட்டாதடி. உன் கையப் பிடிக்க எனக்கு ஒண்ணும் ஆச இல்ல."

"நீங்க தொட்ட கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டுதான் அண்ணி நான் சோறு திங்கிறேன்."

பன்னிரண்டாம் நாள் எண்ணிக்கை ஐம்பத்திரண்டு. நல்லம்மாள் மாத்திரைப் போத்தலை மூடினாள்.

"இன்னிக்குக் கிடையாது."

"நான் செத்தா வீடு உங்களுக்குன்னு பாக்குறீங்களா?"

"நீ சாகணும்னா ரெண்டாவே குடுத்திருப்பேன்லா, போடி!"

வீரம்மாவுக்குக் கொதித்தது. தோட்டத்தில் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில், மலேரியா மாத்திரையை, மருந்து கொடுக்கும் டிரசரின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். விழுங்காதவளுக்கு அன்று வேலை இல்லை. மருந்தைத் தவறவிடுவது குற்றம் என்று பழகிய உடம்பு அது. நாத்தனார் குளிக்கப் போனதும் வீம்புக்கு இரண்டு மாத்திரைகளை விழுங்கினாள்.

மத்தியானம் வாந்தி எடுத்தாள். சுவரெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. சுருண்டு விழுந்தாள். நாடி முப்பத்தெட்டு! நல்லம்மாள் போத்தலைக் கவிழ்த்து எண்ணினாள். இரண்டு குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பத்துமலையின் வேனில் வீரம்மாவை ஏற்றி, நாடியை விடாமல் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் அவளைத் திட்டியபடியே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"ரெண்டு முழுங்கியிருக்கா, டாக்டர். காலைல அம்பத்திரெண்டுதான் இருந்துச்சு."

வீரம்மா கண் விழித்ததும் டாக்டர் சொன்னார்: "உங்கட அண்ணி சரியா எண்ணிச் சொன்னபடியால்தான் நீங்கள் பிழைச்சனீங்கள்."

ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பிய வீரம்மா, மறுநாள் காலை முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள்.

"எண்ணுங்க."

"அறுபத்தாறு. இந்தா. வாயத் தொற. நாக்கத் தூக்கு. போத்தல் இனி என் மடியிலதான் இருக்கும், திருடி."

"பூதம் மாதிரி காத்துக்குங்க."

அடுத்த மாதம் புதிய ஊசி தொடங்கியது. அதற்கு அவளை அழைத்துப் போனவளும் நல்லம்மாள்தான். பஸ்ஸில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டு.