அமாங் கொட்டகையும் ஒரு ரப்பர் பந்தும்

ஈப்போ டவுனுக்கு வெளியே ஒரு பழைய அமாங் கொட்டகை. ஈயம் எடுத்தது போக மிஞ்சுற கறுப்பு மணலுக்குத்தான் இங்க அமாங்னு பேரு. அதுல கதிரியக்கம் இருக்கு. முதலாளி கொட்டகையை மூடிட்டு நிம்மதியாப் போயிட்டாரு, தூசி எடுக்க எங்களை அனுப்பினாங்க. நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனி. வீட்டுல பார்க்குற மூஞ்சி போதாதுன்னு வேலையிலயும் அதே மூஞ்சி. ரொம்ப நன்றி சாமி.

அங்க தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது, தூசி காவாய்க்குப் போயிரும். அதனால சுவத்துல பால் மாதிரி ஒரு பசையைத் தடவுவோம். மறுநாள் அது காய்ஞ்சு தோலாட்டம் ஆயிரும். ஓரத்தைக் கிள்ளி உரிச்சா தூசியும் ஒட்டிக்கிட்டு வந்துரும். அழுக்குப் பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு மஞ்சள் பையில போடணும். இவ்வளவுதான் வேலை.

அந்தத் தோலைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. அவர் தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவர். தோட்டம் எப்பவோ எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டமா மாறிருச்சு, இவரு மட்டும் மாறல. அங்க மரத்துல வடிஞ்சு காய்ஞ்ச ஒட்டுப்பாலை உரிச்சு, உருட்டி உருட்டிப் பந்து செய்வாங்களாம். கல்யாணமான நாள்லேருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

ஒரு சாயங்காலம் புந்தோங்ல இருக்குற எங்க வீட்டுல, அஞ்சு வயசு மக ஹால்ல பந்து அடிச்சுக்கிட்டிருந்தா. மங்கின வெள்ளை, மேலெல்லாம் கறுப்புப் பொடி.

“இது ஏதுங்க?”

“நான் செஞ்சது லா. எப்படித் துள்ளுது பார்த்தியா?”

அடப்பாவி மனுஷா! வேலை முடிஞ்சு வெளிய வரும்போது கதிரியக்க மீட்டர் வச்சு எங்க கையையும் காலையும் சோதிப்பாங்க. ஐயா அந்தத் தோலையே பந்தா உருட்டிச் சாப்பாட்டுப் பையில வச்சுக் கொண்டுவந்திருக்காரு, அதை யாரு சோதிச்சா? அதுவும் அழுக்குப் பக்கம் வெளிய இருக்குற மாதிரி. என்னா கெட்டிக்காரத்தனம்!

மகளை இழுத்துப் பிடிச்சேன். “வாயில வச்சியாம்மா?”ன்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டினா. சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி அவ கை சிவந்துருச்சு. சூப்பர்வைசருக்குப் போன் அடிச்சேன்.

அவர் மீட்டரோட ஓடி வந்தாரு. “பயப்படாதீங்க அக்கா”ன்னு என்கிட்ட சொல்லிட்டு, குனிஞ்சு மககிட்ட, “கையைக் காட்டும்மா”ன்னாரு. ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சா. வாய்கிட்டயும் வச்சுப் பார்த்தாரு. மீட்டர் சும்மா இருந்துச்சு. நான் அங்கயே உட்கார்ந்து அழுதுட்டேன். அப்புறம் பந்துகிட்ட கொண்டுபோனாரு, படபடன்னு கத்துச்சு. சாமி மேடைக்குக் கீழ தரையிலயும் கொஞ்சம் கத்துச்சு. பந்து மஞ்சள் பைக்குள்ள போச்சு.

தரையில பசை தடவியாச்சு. ராத்திரி என் அக்கா வீட்டுல தங்கினோம். மறுநாள் உரிக்கிற வேலையை என் வீட்டுக்காரர்தான் செய்யணும்னு நான் சொல்லிட்டேன். நானும் மகளும் கிரில் கதவுக்கு வெளிய நின்னோம். கையுறை மாட்டி, முட்டி போட்டு, ஓரத்தைக் கிள்ளி, கிழியாம உரிச்சாரு. வேலைன்னு வந்தா சுத்தம்தான், அதைச் சொல்லாம இருக்க முடியாது.

உரிச்சவரு எழுந்திரிக்கல. முதுகு எங்க பக்கம், தோள்பட்டை மட்டும் லேசா ஆடுது. அழுறாரோன்னு எனக்கே பாவமாப் போச்சு.

மகதான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினா. “ப்பா, கையைக் காட்டுங்க!”

திரும்பி ரெண்டு கையையும் விரிச்சாரு. பாதி உருட்டின பந்து வலது கையில இருந்துச்சு.