குறைந்துபோன ஆறு நிமிடங்கள்

1969 மார்ச் 2, திரையரங்கில்: 150 நிமிடம்.
1991 ஆகஸ்ட் 18, மறுவெளியீட்டில்: 150 நிமிடம்.
2008 பிப்ரவரி 9, டிஸ்க்கில்: 144 நிமிடம்.
2019 ஜனவரி 20, புதிய ப்ளூரேயில்: 150 நிமிடம்.

நான்கும் ஒரே படம். குறித்து வைத்ததும் ஒரே கை. தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்க முப்பத்தோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிய கை அது. அந்த வேலையோடு வேலையாக அவர் மாதம் ஒரு நான்கு பக்கச் செய்தி இதழும் நடத்திவந்தார். எந்தப் பழைய படம் வீட்டில் பார்க்கும்படி வெளிவருகிறது, படம் தெளிவா, ஒலி சரியா, எத்தனை நிமிடம். முந்நூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்கள் அவருக்கு வைத்த பெயர் நிமிஷக்காரர். அவர் வேண்டாமென்று எழுதிவிட்டால் ஒருவரும் அதைக் கையால் தொட மாட்டார்கள்.

2008இல் அந்த டிஸ்க்கை வெளியிட்டவர் அவருடைய நண்பர், சின்னதாக ஒரு டிஸ்க் கடை வைத்திருந்தவர். ஏதோ கிடங்கில் கிடந்த படச்சுருளைத் தேடிப் பிடித்து, துடைத்து, ஒட்டி, இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை. நிமிஷக்காரர் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்த மாத இதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: 'ஆறு நிமிடம் வெட்டப்பட்டிருக்கிறது. வாங்க வேண்டாம்.'

கடைக்காரர் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு துண்டுகூட வெட்டல. டிஸ்க்குக்கு மாத்தற மெஷின் கொஞ்சம் வேகமா ஓட்டும், அவ்வளவுதான்."

"காதுல பூ சுத்தாதப்பா. நாப்பது வருஷமா எழுதி வெச்சிருக்கேன்."

"எந்தக் காட்சி இல்லன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

"ஆறு நிமிஷம் இல்ல. அது போதாதா?"

"நீங்க கடிகாரத்தப் பாத்தீங்கண்ணே. படத்தப் பாக்கல."

டிஸ்க்குகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. நவம்பரில் கடை ஷட்டர் இறங்கியது. அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

பதினோரு வருடம் கழித்து வேறொரு நிறுவனம் அதே படத்தைப் புதிதாகக் கொண்டுவந்தபோது, நிமிஷக்காரர் மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார். வெட்டுப்பட்ட காட்சிகளைப் பட்டியல் போட்டு இதழில் வெளியிட்டுவிட வேண்டும். பழையதில் ஒரு காட்சி, புதியதில் அதே காட்சி என்று மாற்றி மாற்றிப் போட்டார். மூன்று நாளாகியும் நோட்டுப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

"எது இல்லையாம்?" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"இன்னும் வரல."

"படமே முடியப்போகுது. ஆனா ஒண்ணு, பழசுல எல்லாரும் பஸ்ஸ விட்டுடப்போற மாதிரி பேசறாங்க. பாட்டுகூட கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு."

அவர் பேனாவை வைத்துவிட்டார். மறுநாள் தெரிந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். படச்சுருளில் நொடிக்கு இருபத்துநான்கு படம்; அந்தக் காலத்து மாற்றும் இயந்திரம் நொடிக்கு இருபத்தைந்து ஓட்டும். நூற்றைம்பது நிமிடப் படம் நூற்று நாற்பத்துநான்கில் முடிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கணக்கு.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு திருத்தம் போட்டதில்ல நான்," என்றார்.

"அதுக்கு இப்ப என்ன, மெடலா குத்தப்போறாங்க? போட்டுட்டு அந்த மனுஷனுக்கு எழுதுங்க."

போட்டார். முதல் பக்கம், அதே கொட்டை எழுத்து. தப்பு என்னுடையது, கடைக்காரர் ஒரு துண்டும் வெட்டவில்லை என்று. இதழோடு ஒரு கடிதமும் வைத்துக் கடைக்காரரின் பழைய முகவரிக்கு அனுப்பினார். பதில் இல்லை. மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று எழுதினார். சந்தாதாரர்கள் மட்டும் அவருடைய நேர்மையைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரி படிப்பதற்குள் அவருக்கு அலுத்துவிடும். மே மாத இதழை அவர் கொண்டுவரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போவதும் திரும்பி வந்து படுப்பதுமாக நாட்கள் கழிந்தன.

கடைசியில் பதில் வந்தது.

'திருத்தம் பார்த்தேன் அண்ணே. அதே அளவு எழுத்தில் போட்டிருந்தீர்கள், நன்றி. கோபம் எப்போதோ போய்விட்டது. ஆனால் நான் இப்போது எந்தப் படமும் பார்ப்பதில்லை. பார்க்கத் தோன்றவில்லை. இனி எழுத வேண்டாம்.'

"என்ன எழுதியிருக்காரு?" என்றாள் மனைவி.

"கோபமில்லையாம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவர் உறையைத் திருப்பி, வழக்கம்போல் அதன் மூலையில் எழுதினார்: வந்தது, 2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை.