வேரிடுக்கில் கிடந்த பந்து

டாக்டரம்மா தன் பந்துகளில் பச்சை மையால் இரண்டு புள்ளி வைப்பார். கோல்ஃப் ஆட்டத்தில் எல்லார் பந்தும் ஒரே வெள்ளை. புல்லுக்குள் விழுந்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது, அதனால் ஆளுக்கொரு அடையாளம். ஆட்டத்துக்கு முன்னால் காரிலேயே உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல நிதானமாக வைப்பார். அவர் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். கை அப்படித்தான் பழகியிருக்கும். அந்தப் புள்ளி வைத்த பந்து ஒன்று தூங்குமூஞ்சி மரத்தின் வேரிடுக்கில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் தொண்டூர். மழை பொய்த்த ஒரு வருஷம் பட்டணத்துக்குப் போனவன், ஊர்க்காரர் ஒருவர் மூலம் வெள்ளைக்காரன் காலத்துக் கோல்ஃப் மைதானம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இந்த வேலை செய்பவனுக்கு அங்கே கேடி என்று பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் நைனா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு முழித்ததை என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். பதினான்கு வருஷம் அங்கே நடந்தேன். அதில் பத்து வருஷம் டாக்டரம்மாவின் பை என் தோளில்தான். எங்களை எல்லாரும் ‘டேய்’ என்று கூப்பிடுகிற இடத்தில் அவர் மட்டும் ‘நீங்க’ என்பார். பேர் சொல்ல மாட்டார், ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். “செஞ்சி, இது எந்தப் பக்கம் வளையும்?” என்பார். நான் கையைக் காட்டினால் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கமே அடிப்பார்.

ஒருமுறை மாதாந்திரப் போட்டியில் மட்டையைத் தரையில் வைக்கும்போது அவருடைய பந்து ஒரு நெல்மணி அகலத்துக்கு நகர்ந்துவிட்டது. கூட ஆடியவர்கள் வேறு பக்கம் பார்த்து நின்றார்கள். அப்படி நகர்ந்தால் ஓர் அடி தண்டம்; அவர் தன் கணக்கு அட்டையில் ஓர் அடி கூடுதலாக எழுதிக்கொண்டார். கோல்ஃபில் குறைவான அடியில் முடிப்பவர்தான் ஜெயிப்பார். அந்த ஓர் அடியில் அன்றைக்கு ஆட்டம் போயிற்று. “யாரும் பாக்கலயேம்மா” என்றேன். “நான் பாத்துட்டேனே செஞ்சி, அப்புறம் எப்படி?” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச்சே இல்லை.

பிறகு மைதானத்தைப் புதுப்பிக்கப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு வருஷம் மூடிவிட்டார்கள். பை தூக்கிய எங்களுக்கு மண்வெட்டி கொடுத்தார்கள். மேட்டைச் சரித்தோம், குளம் வெட்டினோம், வேறு ஊரிலிருந்து பாய்போலச் சுருட்டி வந்த புல்லை விரித்துத் தண்ணீர் விட்டோம். மொத்தம் பதினெட்டுக் குழி; அதில் பதினாறாவது குழிக்குப் போகும் வழியில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிடலாம் என்று மைதானத்தை நடத்துகிற கமிட்டியில் பேச்சு வந்தபோது, டாக்டரம்மா தினமும் வந்து நின்று சண்டை போட்டார். “இதை எடுத்துட்டா இது வேற மைதானம். அப்புறம் பழைய பேர் எதுக்கு?” என்று கேட்டார். கடைசியில் மரம் பிழைத்தது. அதன் வேரைச் சுற்றி மண் அணைத்தவன் நான்தான்.

திறந்த வருஷம் பெண்களுக்கான அமெச்சூர் போட்டி வைத்தார்கள். காசுக்கு ஆடாதவர்கள், ஆசைக்கு ஆடுகிறவர்கள் மட்டும் ஆடலாம். பழைய மைதானத்தில் டாக்டரம்மா மூன்று தடவை இரண்டாவதாக வந்திருக்கிறார், ஒரு தடவையும் கோப்பையைத் தொட்டதில்லை. இப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வலது முட்டியில் பட்டை கட்டியிருந்தார். ஆனால் புது மைதானத்தின் மேடு பள்ளம் மற்றவர்களுக்குப் புதிது; எனக்கு அது என் கையால் கொட்டிய மண். முதல் இரண்டு நாளும் நான் சொன்ன இடத்தில் அவர் அடித்தார், பந்தும் சொன்னபடி கேட்டது. மூன்றாம் நாள், கடைசி மூன்று குழி மிச்சமிருக்கும்போது, கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணும் அவரும் சமமாக இருந்தார்கள்.

பதினாறாவதில் டாக்டரம்மாவின் முட்டி பிசகிப் பந்து வலப்பக்கம் பறந்தது. மரத்தடியில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நான் பையோடு முன்னால் ஓடினேன். இரண்டு வேருக்கு நடுவில், மட்டை நுழையாத இடுக்கில், பச்சைப் புள்ளி மேலே தெரியப் பந்து கிடந்தது. ஓர் அடியைத் தண்டமாக ஏற்றுக்கொண்டு வெளியே எடுத்து வைத்து ஆட வேண்டும், அதுதான் முறை. மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். டாக்டரம்மா காலைத் தாங்கித் தாங்கி வந்துகொண்டிருந்தார். அந்த நடையைப் பார்த்தேன். என் செருப்பின் ஓரத்தால் பந்தைத் தள்ளினேன். ஒரு சாண் தூரம்கூட இருக்காது. அது புல்மேல் வந்து நின்றது. “மேடம், இங்க இருக்குது” என்று குரல் கொடுத்தேன்.

அவர் வந்து பந்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் பையிலிருந்து மட்டையை உருவி நீட்டினேன். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மேடையில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, “பாதிக் கப் இவருது” என்று ஒலிபெருக்கியில் சொன்னார். புகைப்படத்துக்காகக் கோப்பையின் ஒரு காதை என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். ஜெயித்தவர்கள் பேர் எழுதும் பலகையில் அவர் பேரைத் தங்க எழுத்தில் எழுதினார்கள். அதற்குப் பிறகு அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது எனக்குச் சிரமமாகிவிட்டது. என்னைப் பார்த்து அவர் சிரித்தால் போதும், செருப்புக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். அடுத்த தையில் நைனா வாதம் வந்து படுத்தார். அதைச் சாக்காக வைத்து ஊருக்கு வந்துவிட்டேன். சித்தப்பா மகனை என் இடத்தில் சேர்த்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. மகளோடு திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் செஞ்சியில் இறங்கியிருக்கிறேன், கோட்டையைக் காட்டுகிறீர்களா என்று கேட்டார். கொல்லையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். கோட்டையின் உயரமான மலை ராஜகிரி அவர் முட்டிக்கு ஆகாது என்று எதிரே இருக்கிற சின்ன மலையான கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போனேன். மகள் படமெடுத்துக்கொண்டே முன்னால் ஏறிப் போய்விட்டாள். பாதிப் படியில் அவர் உட்கார்ந்தார். வாசலில் வாங்கிய சீத்தாப்பழத்தைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினார். அந்தப் பாதியை வாங்கும்போது என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“வேர்ல பட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு செஞ்சி. பந்து புல்லு மேல சுத்தமா இருந்துச்சு. உங்ககிட்ட அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல. எனக்கும் ஜெயிக்கணும்னு இருந்துச்சு.”

“நான்தாம்மா பண்ணேன். உங்க மேல இன்னா தப்பு இருக்குது?”

“கேக்காம இருந்தேன் இல்ல, அது என் தப்பு. தெரியாத வரைக்கும் சமாளிச்சுட்டு இருந்தேன். இனிமே முடியாது.” கொட்டைகளைப் படியோரம் கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “கமிட்டியில போய்ச் சொல்லப்போறேன். நீங்க கூட வருவீங்களா?”

என் சித்தப்பா மகன் நினைவுக்கு வந்தான். என் பேர் வெளியே வந்தால் என் சிபாரிசில் சேர்ந்தவனை வைத்துக்கொள்வார்களா? அவனுக்குக் கைக்குழந்தை. “தம்பி அங்க வேல செய்றான்மா. என்னால வர முடியாது” என்றேன். அவர் தலையசைத்தார். வருத்தமோ கோபமோ அவர் முகத்தில் இல்லை. “சரி, நான் பாத்துக்கறேன். அப்பாவுக்கு இப்ப கை எப்படி இருக்கு?” என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காரை நிறுத்தச் சொல்லி நைனாவுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி போன் செய்தான். “அண்ணே, உன் டாக்டரம்மா கப்பத் திருப்பிக் குடுத்துட்டாங்க. பந்தக் கால்ல தள்ளிட்டு ஆடுனாங்களாம். போர்டுல பேர அழிச்சிட்டாங்க. நல்லவங்க நல்லவங்கன்னு சொல்லுவியே.” கிளறிக் கேட்டதில் தெரிந்தது: டாக்டரம்மா கமிட்டியில் என் பேரைச் சொல்லவில்லை, பை தூக்கியவன் என்றுகூடச் சொல்லவில்லை. ‘என் பந்து நகர்த்தப்பட்டது, அதை மறைத்துவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மிச்சத்தை மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொண்டார்கள். இல்லடா, தள்ளினவன் நான் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். “அப்டியா” என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஆட வரவில்லையாம். போட்டி வருஷா வருஷம் நடக்கிறது. அந்த மரத்தைக் காட்டிப் புதிதாக வந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சிரிப்போடு சொல்கிறார்களாம். நான் அவரிடம் சொல்லாமலே இருந்திருந்தால் அவர் பேர் பலகையில் இருந்திருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன். சொன்னவன் அவர் கூடவே கமிட்டிக்கும் போயிருக்க வேண்டும் என்று மற்ற நாளெல்லாம் நினைக்கிறேன்.

போன ஆடியில் தம்பி அந்த வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் லாரி ஓட்டப் போய்விட்டான். அவனைச் சொல்லித் தப்பிக்க இனி எனக்கு வழியில்லை. செஞ்சியிலிருந்து பட்டணத்துக்கு நான்கு மணி நேரம்கூட ஆகாது, விடிந்தால் பஸ் இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை.