இரைச்சல் பிடிக்காத இரத்தினவேல்

இரத்தினவேலுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஸ்காபரோவில் அவரைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பிழை. அவருக்குக் கோபம் காதில்தான் இருந்தது. கலியாண மண்டபத்தில் மைக் கீச்சிட்டால் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போய் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்துவிட்டு வருகிற மனிதர். அப்படிப்பட்டவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்: நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் வருகிற படங்களைக் கேட்டுச் சரிபார்ப்பது.

கனடாவில் இருக்கும் ஆப்பிரிக்க மக்களுக்காக நடந்த சின்னத் தொலைக்காட்சி அது. கார் ரயர் கடைக்கும் ஒரு கேற்றரிங் சமையலறைக்கும் நடுவில் அலுவலகம். லாகோஸிலிருந்து கூரியரில் டிவிடி வரும். இரத்தினவேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுதாகப் பார்த்து, இது ஒளிபரப்பத் தகும், இது தகாது என்று சொல்ல வேண்டும். தகாதவைதான் அதிகம். காதலன் காதலியிடம் உருகுவான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அரசர் தீர்ப்புச் சொல்லும் நேரம் பார்த்துத் தெருவில் ஒருவன் தண்ணீர்ப் பை விற்றுக்கொண்டு போவான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஜெனரேற்றர் இரைந்துகொண்டே இருக்கும். அங்கே மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் படப்பிடிப்பே ஜெனரேற்றரில்தான்.

அந்தப் படங்கள் அவருக்குப் பிடிக்கும் என்பதுதான் சங்கடம். கதை சொல்லத் தெரிந்தவர்கள், நடிக்கத் தெரிந்தவர்கள், பாயாசத்தைக் காய்ச்சி அதற்குள் மண்ணள்ளிப் போட்டு அனுப்பினார்கள். "இவ்வளவையும் செய்துபோட்டு மைக்கை ஆளுக்குக் கிட்டப் பிடிக்கிறதுக்கு என்ன கேடு இவையளுக்கு?" என்று வீட்டுக்கு வந்து கத்துவார். லாகோஸுக்கே போன் எடுத்து, ஜெனரேற்றரைப் பின்வளவுக்குக் கொண்டுபோங்கள், சன்னலுக்குப் போர்வை கட்டுங்கள் என்று விளக்குவார். சரி ஐயா, சரி ஐயா என்பார்கள். அடுத்த படமும் அதே இரைச்சலோடு வரும். செவிடன் காதில் ஊதிய சங்கு.

நேரில் வந்து சண்டை பிடித்தவள் ஃபுன்மி ஒருத்திதான். லாகோஸில் படமெடுத்து பிறம்ரனில் குடியிருந்த நைஜீரியப் பெண். சந்தையில் தக்காளி விற்கிற ஒருத்தியைப் பற்றிய அவளுடைய படத்தை இரத்தினவேல் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். 2009 மாசி மாதப் பனிக்குள் காரோட்டி வந்து அவர் மேசைக்கு முன்னால் நின்றாள். பேச்சு ஆங்கிலத்தில்தான், கோபம் மட்டும் அவரவர் ஊருடையது.

"லாகோஸில் ஜெனரேற்றர் இரையாத தெரு எது? அந்தச் சத்தத்தை எடுத்தால் என் ஊர்க்காரி ஒருத்தியும் படத்தை நம்பமாட்டாள்."

"நம்புவது பிறகு. முதலில் காதில் விழ வேண்டும். ரிமோட்டில் ஒரு தட்டுத் தட்டினால் பெரிய சானல்காரன் வந்துவிடுவான். அவனுக்குப் பக்கத்தில் உங்கள் படம் மட்டும் ஏன் இரண்டாந்தரமாக இருக்க வேண்டும்?"

"நீங்கள் என் படத்துக்கு எதிரியா?"

"படத்துக்கு நண்பன். உங்கள் சவுண்ட்காரனுக்கு எதிரி."

அவள் சிரித்துவிட்டாள். படத்தை மூன்றாம் முறையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வசந்தத்தில் ரொறன்ரோத் தமிழர் எவருக்கும் நித்திரை இல்லை. இலங்கையில், வன்னியில் நடந்த சண்டை ஒரு துண்டுக் கடற்கரைக்குள் ஒடுங்கிவிட்டது. அந்தத் துண்டுக்குள்தான் இரத்தினவேலின் தங்கை புனிதவதி இருந்தாள். தாதி. பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த தற்காலிக ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள். அவர் மனைவி சந்திரவதனா போரை நிறுத்தக் கேட்கும் பதாகையோடு நாள்தோறும் நகர நடுவில், டவுன்ரவுனில் போய் நின்றாள். கத்திய கத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கேட்க வேண்டியவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் லண்டன் வழியாக ஒரு வீடியோ வந்து சேர்ந்தது. சில நிமிடங்கள்தான். புனிதவதி கமராவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுகிறாள். இரத்தம் இல்லை, மயக்க மருந்து இல்லை, நேற்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே செல் குண்டு விழுந்தது, யாராவது வாருங்கள். படம் ஆடிக்கொண்டே இருக்கிறது. செல் விழுகிற சத்தத்தில் அவள் சொல்வதில் பாதி கேட்கவில்லை.

விஷயம் ஃபுன்மியின் காதுக்குப் போனது. பெரிய தொலைக்காட்சி ஒன்றின் செய்திப் பிரிவில் அவளுக்கு ஒருவரைத் தெரியும். திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லி ஏற்பாடு செய்து கொடுத்தாள். "வந்தது வந்தபடி கொடுங்கள். உங்கள் கையை வைக்காதீர்கள்," என்றும் சொன்னாள்.

கேட்டாரா? சனிக்கிழமை காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு குந்திவிட்டார். ஆட்டத்தை நிறுத்தினார். நிறத்தைச் சரிசெய்தார். செல் சத்தத்தை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தார், அந்த ஆஸ்பத்திரி ஜெனரேற்றரின் இரைச்சலையும் வழித்தெடுத்தார். தங்கையின் குரலை மேலே கொண்டுவந்தார். எத்தனை பேருடைய படங்களைத் திருப்பி அனுப்பியவர்! தன் தங்கையை எவனும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற ஒரே வெறி.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தமிழ்ச் சனம் மறியல் செய்ய நெடுஞ்சாலையில் ஏறிக் குந்திவிட்டது. சந்திரவதனா அங்கிருந்து போன் எடுத்தாள். "இஞ்சருங்கோ, ஊரே றோட்டிலை நிக்குது. நீங்கள் இன்னும் உந்தக் கொம்பியூட்டரையே கட்டிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்?"

"இவங்கள் போடாமல் விடுறதுக்கு ஒரு சாட்டுத் தேடுவாங்கள். அந்தச் சாட்டை நான் குடுக்கமாட்டன்."

திங்கட்கிழமை செய்திப் பிரிவில் ஒரு வெள்ளைக்காரர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். வீடியோவைப் பார்த்தார். திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

"இது எங்கே எடுத்தது?"

"முள்ளிவாய்க்கால். சண்டைக்கு நடுவில்."

"குரல் ஸ்ரூடியோவில் பேசியதுபோல் இருக்கிறதே. பின்னால் நிற்பவர்கள் திடீர் திடீரென்று குனிகிறார்கள், பாருங்கள். எதற்குக் குனிகிறார்கள்? ஒரு சத்தமும் இல்லையே."

இரத்தினவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளும் தங்கையின் வாயைத்தான் பார்த்திருந்தார். அவளுக்குப் பின்னால் நின்ற மனிதர்களை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சத்தத்தை நான்தான் எடுத்தேன், முதல் பிரதி வீட்டில் இருக்கிறது என்று தடுமாறிச் சொன்னார். வீட்டுக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்தும் கொடுத்தார். ஆனால் இப்போது அவர்கள் கையில் இரண்டு வீடியோக்கள். எது மெய், எது செய்தது? வழக்கறிஞர் பார்க்க வேண்டும், இரண்டொரு நாள் பொறுங்கள் என்றார்கள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது.

அந்த இரண்டொரு நாள் அடுத்த திங்கட்கிழமை வரை இழுபட்டது. அன்று விக்டோரியா தின விடுமுறை. சண்டை முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. விடுமுறைக்கு வழக்கமாக விடும் வாணத்தைப் பிக்கரிங் பக்கம் விட்டார்கள். செய்திப் பிரிவுக்கு இரத்தினவேல் எடுத்த போனுக்கு, நிலைமை மாறிவிட்டதால் அந்த வீடியோ இனித் தேவைப்படாது என்று பதில் கிடைத்தது. அவர் போனைச் சுவரில் எறிந்தார். எறிந்து என்ன?

இதற்குப் பிறகு அவர் திருந்தி, இரைச்சலோடு வந்த படங்களையெல்லாம் வாழ்த்தி வரவேற்றார் என்று நினைக்காதீர்கள். முந்தியதைவிட மோசமாகத்தான் கத்தினார். லாகோஸ்காரர்களைத் திட்டினார், செய்திக்காரர்களைத் திட்டினார், தன் காதைத் திட்டினார். ஃபுன்மி வந்து, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளையும் திட்டியிருப்பார். அவள் சொல்லவில்லை, மேசையில் கோப்பி ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனி மாதம் ஒருநாள் காலை, செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து யாருடையதோ போனில் புனிதவதி பேசினாள். சந்திரவதனா ஸ்பீக்கரில் போட்டாள். அழுகை, யார் யார் மிச்சம் என்ற விசாரிப்பு, பிறகும் அழுகை. போனுக்குப் பின்னால் ஆயிரம் பேர் இரைந்தார்கள்.

"அண்ணை, அந்த வீடியோ வந்து சேர்ந்ததோ?"

"வந்தது பிள்ளை."

"நான் இங்கிலிசிலை சொன்னது விளங்கினதோ? செல் விழுந்துகொண்டிருந்தது. கத்திக் கத்தித்தான் சொன்னனான்."

"விளங்கினது," என்றார் இரத்தினவேல். "ஒரு சொல்லும் தப்பேல்லை."



"அப்ப ஏன் அண்ணை ஒருத்தரும் வரேல்லை?"